பொது அலைக்கற்றையிலும் நீதம் வேண்டும்

அலைக்கற்றை என்றதும் பல்லாயிரம் கோடி ரூபாய் ஏலம்தான் நம் நினைவுக்கு வரும். ஏலமே விடப்படாத அலைக்கற்றையும் இருக்கிறது. நம் வீட்டு வைஃபை அதில்தான் இயங்குகிறது. இந்தியாவில் 2.4 ஜிகாஹெர்ட்ஸ் பகுதியையும், 2018 முதல் 5 ஜிகாஹெர்ட்ஸ் பகுதியில் 605 மெகாஹெர்ட்ஸையும் உரிமம் இல்லாமல் யாரும் பயன்படுத்தலாம்.

யாருக்கும் சொந்தமில்லாத இடத்தில் சச்சரவு வராமல் இருக்க ஓர் ஒழுங்கு வேண்டும். வைஃபை கருவி எதையும் அனுப்பும் முன் காதுகொடுத்துக் கேட்கும். வேறொரு கருவி பேசிக்கொண்டிருந்தால் காத்திருக்கும். அது ஓய்ந்த பிறகும் சிறிது பொறுத்தே தன் முறையை எடுக்கும். அடுக்குமாடிக் குடியிருப்பில் பத்து வீட்டு வைஃபை ஒன்றாக இயங்குவது இதனால்தான்.

செல்பேசி வலையமைப்பு அப்படி வளர்ந்ததல்ல. விலைகொடுத்து வாங்கிய அலைக்கற்றையில் யார் எப்போது பேசுவது என்பதை அதன் கோபுரமே தீர்மானிக்கும். 2014-ல் அமெரிக்காவின் வெரைசன் நிறுவனம், குவால்காம், எரிக்சன், சாம்சங் உள்ளிட்ட நிறுவனங்களுடன் சேர்ந்து அதே தொழில்நுட்பத்தை 5 ஜிகாஹெர்ட்ஸ் பொதுப் பகுதிக்குக் கொண்டுவர முனைந்தது. அதன் பெயர் எல்டிஇ-யு.

அது வைஃபைக்கும் இடம் விட்டது; சிறிது நேரம் இயங்கி, சிறிது நேரம் ஓய்ந்தது. ஆனால் எப்போது இயங்குவது, எவ்வளவு நேரம் என்பதை அதுவே முடிவு செய்தது. ஒருவர் காத்திருக்க, மற்றவர் கேட்காமலே நுழைந்தால் காத்திருப்பவருக்கே இழப்பு. ஐரோப்பாவிலும் ஜப்பானிலும் 'முதலில் கேள்' என்பது விதி. அமெரிக்காவில் அந்தக் கட்டாயம் இல்லை. கூகுளும் கேபிள் நிறுவனங்களும் எதிர்ப்புத் தெரிவித்தன. 2016 செப்டம்பரில் வைஃபை கூட்டமைப்பு பொதுவான சோதனை முறையை வெளியிட்டது. அதன் பிறகே, 2017 பிப்ரவரியில், அமெரிக்க ஆணையம் முதல் கருவிகளுக்கு அனுமதி அளித்தது.

இதற்கிடையில் செல்பேசித் தரநிலைகளை வகுக்கும் 3ஜிபிபி அமைப்பு, கேட்டபின் பேசும் எல்ஏஏ என்ற முறையை உருவாக்கியது. அதன் அளவுகோல் இதுதான்: புதிதாக வருபவர், இன்னொரு வைஃபை வந்திருந்தால் ஏற்படும் பாதிப்பைவிட அதிகம் ஏற்படுத்தக் கூடாது. நியாயமான அளவுகோல். ஏனெனில் பொதுப் பகுதியில் நெரிசல் வந்தால் செல்பேசி நிறுவனம் தன் சொந்த அலைக்கற்றைக்குத் திரும்பிவிடும். வைஃபைக்கு வேறு போக்கிடம் இல்லை. பிள்ளைகளின் ஆன்லைன் பாடமும், வெளிநாட்டில் இருக்கும் அத்தாவோடு பேசும் வீடியோ அழைப்பும் அங்கேதான் தடைபடும்.

இந்தியாவில் 6 ஜிகாஹெர்ட்ஸ் முழுவதையும் செல்பேசிச் சேவைக்கே ஒதுக்கும்படி தொலைத்தொடர்பு நிறுவனங்கள் கேட்டுவந்தன. 2025 மே மாதம் மத்திய அரசு வெளியிட்ட வரைவு விதிகள், அதன் கீழ்ப்பகுதியில் 500 மெகாஹெர்ட்ஸை உரிமம் இல்லாப் பயன்பாட்டுக்கு முன்மொழிந்தன. வரவேற்போம். ஆனால் எவ்வளவு திறந்துவிட்டார்கள் என்று பார்ப்பதோடு நின்றுவிடக் கூடாது. அங்கே வலியவரும் கேட்டுத்தான் பேச வேண்டும் என்ற விதி இருக்கிறதா, அதைச் சோதிப்பவர் யார் என்பதையும் நாம் கேட்க வேண்டும். நீதத்தை வலியவரின் நல்ல மனதுக்கு விட்டுவிட முடியாது.