பந்து பயிற்றும் பெண்ணுக்குச் சம்பளம்

2017-ம் வருஷத்தில் கோவாவைச் சேர்ந்த மேமோல் ராக்கி அம்மையார் இந்தியப் பெண்கள் கால்பந்துக் கோஷ்டிக்குத் தலைமைப் பயிற்சியாளராக நியமிக்கப்பட்டார். அப்பதவியில் அமர்ந்த முதற் பெண்மணி அவரே. அதுவரை பெண்களுக்குப் பந்தாடக் கற்பிக்கும் தலைமைப் பொறுப்பும் ஆண்களுக்கே உரியதென்று நம்மவர் கேள்வியின்றி ஒப்புக் கொண்டிருந்தனர்.

அவர் தலைமையின் பலனைப் பாருங்கள். 2018 நவம்பரில் நம் பெண்கள் முதன் முறையாக ஒலிம்பிக் தகுதிப் பந்தயங்களின் இரண்டாவது சுற்றை எட்டினார்கள். 2019 ஏப்ரலில் மாந்தலேயில் மியான்மரோடு 3-3 என்று சமமாக ஆடியும், கோல் கணக்கால் மட்டுமே வெளியேற நேர்ந்தது. அதற்கு முந்திய மாதம் விராட்நகரில் நேபாளத்தை 3-1 என்று வென்று தெற்காசியக் கோப்பையைக் கைப்பற்றினார்கள். டிசம்பரில் பொக்காராவில் மறுபடியும் நேபாளத்தை வென்று தங்கப் பதக்கம். 2021 ஜூலையில் அம்மையார் சொந்தக் காரணங்களைக் கூறிப் பதவி விலகினார். இந்தியாவிலேயே நடக்கவிருந்த ஆசியக் கோப்பைப் பந்தயத்துக்கு அப்போது ஆறு மாதமே இருந்தது. அவர் இடத்துக்கு ஸ்வீடன் தேசத்து தாமஸ் டென்னர்பி வந்தார்.

அம்மையார் கூறிய காரணத்தைத் துருவுவது நம் வேலையன்று. அந்நியரை அழைத்ததையும் நாம் குறை கூறவில்லை; வித்தைக்குத் தேச எல்லை கிடையாது. முதற் பெண்மணி விலகியபோது அவருக்குப் பின்னால் பத்துப் பெண்கள் வரிசையாகத் தயாராக நின்றிருக்க வேண்டாமா என்பதே நம் கேள்வி. 2024-ல் மணிப்பூரின் சாவோபா தேவி அம்மையார் பொறுப்பேற்றார். துருக்கியில் நம் கோஷ்டி எஸ்தோனியாவை 4-3 என்று வென்றது. மதுரைச் சேது கோஷ்டி 2019-ல் இந்தியப் பெண்கள் லீக்கை வென்றபோது பயிற்சியாளராக இருந்தவர் அம்ருதா அரவிந்த் அம்மையார். திறமைக்குப் பஞ்சமில்லை என்பதற்கு இவை போதும்.

பஞ்சம் வேறிடத்தில் இருக்கிறது. ஐரோப்பியக் கோப்பையை 2017-ல் ஹாலந்துக்கும், 2022, 2025 ஆகிய இரு முறையும் இங்கிலாந்துக்கும் வாங்கித் தந்த ஸரீனா வீக்மன் அம்மையார் முதலில் பள்ளிக்கூடத் தேகப்பயிற்சி ஆசிரியை. 2007-ல் ஹேக் நகரத்துக் கிளப் ஒன்று அழைத்தபோது, நிலையான ஆசிரியை உத்தியோகத்தை விட்டுவர மறுத்தார். முழுநேர வேலையாகத் தருவதாகக் கிளப் ஒப்புக் கொண்ட பிறகே சென்றார். முழுச் சம்பளம் கொடுத்தார்கள், பயிற்சியாளர் கிடைத்தார். இதில் ரகசியம் ஒன்றுமில்லை.

இதே இங்கிலாந்தின் கால்பந்துச் சங்கம் 1921-ல் தன் மைதானங்களில் பெண்கள் ஆடக்கூடாதென்று தடை விதித்து, ஐம்பது வருஷங்கள் விடாமல் வைத்திருந்தது. உலகுக்கெல்லாம் நாகரிகம் போதித்த காலத்தில்தான் இதுவும் நடந்தது! தடையுத்தரவை ரத்துச் செய்ய ஒரு தீர்மானம் போதும். அதனால் நேர்ந்த நஷ்டத்தை ஈடு செய்யத் தலைமுறைகள் ஆகும் என்பது வக்கீல் தொழில் செய்வோர் நன்கறிந்த விஷயம்.

நம் நாட்டில் அப்படி எழுதி வைத்த தடை இல்லை. ஆனால் கிருஷ்ணகிரி ஜில்லாவின் நாகரசம்பட்டியில் பள்ளி மைதானத்தில் நன்றாகப் பந்தாடும் ஒரு பெண்ணை எண்ணிப் பாருங்கள். படிப்பு முடிந்ததும் போச்சம்பள்ளிக்கோ ஹோசூருக்கோ ஆலை பஸ் ஏறிவிடுகிறாள். அவளைக் குறை கூற யாருக்கு வாயுண்டு? மாதம் பிறந்தால் ஆலை சம்பளம் தருகிறது. பயிற்சியாளராவதற்கோ டி, சி, பி, ஏ என்னும் சான்றுகளை ஒவ்வொரு படியாக, ஒவ்வொன்றுக்கும் பணம் கட்டி, வேலைக்கு விடுமுறை எடுத்து, வெளியூரில் தங்கிப் பெற வேண்டும். பெற்ற பின்பு அவளை அமர்த்துவோர் யார்? எத்தனை மாதத்துக்கு? மணமாகிக் குழந்தை பெற்றால் இடம் காத்திருக்குமா? இவற்றுக்கு விடை கிடைக்காத தகப்பன், மகள் கையிலிருந்து பந்தை வாங்கி வைப்பதில் வியப்பில்லை.

ஆகவே சர்க்கார் ஜில்லா தோறும் பெண் கால்பந்துப் பயிற்சியாளர் ஒருவரை நிரந்தர உத்தியோகத்தில் அமர்த்த வேண்டும். ஒப்பந்தக் கூலி வேண்டாம். சான்றுப் படிப்புக் கட்டணத்தைச் சர்க்காரே ஏற்பதோடு, பிரசவ விடுமுறைக்குப் பின் அதே இடத்துக்குத் திரும்பும் உரிமையையும் நியமன உத்தரவிலேயே எழுதித் தரவேண்டும். கிருஷ்ணகிரிச் சட்டசபை அங்கத்தினர்கள் மானியக் கோரிக்கை விவாதத்தில் இதற்கென ஒரு வெட்டுப் பிரேரணை கொண்டு வரட்டும்; மந்திரி எழுந்து என்ன பதில் கூறுகிறார் என்று கேட்போம்.