மித்சுவோ புச்சிடாவும் தலைமன்னார்த் துறையும்

சென்ற மாதம் மாணாக்கர் சிலரைத் தலைமன்னார் இறங்குதுறைக்கு அழைத்துச் சென்றிருந்தோம். கடலுள் நீண்டு கிடக்கும் பழைய துறையைப் பார்த்த ஒருவன், "ஐயா, இரண்டாம் உலகப் போரில் இங்கே குண்டு விழுந்ததா?" என்று வினவினான். செருமானிய விமானிகளின் கதைகளில் பெருவிருப்புடையவன் அவன். எவன் எத்தனை முறை பறந்தான், என்ன பதக்கம் பெற்றான் என்பனவெல்லாம் அவனுக்கு மனப்பாடம்.

"இங்கே விழவில்லை, தம்பி. கொழும்பில் விழுந்தது, அதன் விளைவு இங்கே வந்து சேர்ந்தது" என்றோம். அவனுக்குச் சொன்னதையே நேயர்களுக்கும் சொல்கின்றோம்.

அப்போரில் இலங்கைமீது குண்டுவீச வந்தவர்கள் யப்பானியரே. அவ்விமானங்களுக்குத் தலைமை தாங்கியவர் மித்சுவோ புச்சிடா. 1902-இல் நாரா மாநிலத்தில் பிறந்து, 1924-இல் கடற்படைக் கல்லூரியில் தேறியவர். 1941 டிசெம்பரில் பேர்ள் துறைமுகத் தாக்குதலை வழிநடத்தியவரும், "தோரா, தோரா, தோரா" என்று வெற்றிச் செய்தி அனுப்புவித்தவரும் இவரே. தோரா என்றால் புலி. விமானி என்று நாம் பொதுவாகச் சொன்னாலும், அன்று விமானத்தைச் செலுத்தியவர் வேறொருவர். புச்சிடா நடு ஆசனத்திலிருந்து படையை நடத்தினார். 1942 பெப்ருவரி 19-இல் அவுஸ்திரேலியாவின் டார்வின் நகர் இவரிடம் அடிபட்டது.

அடுத்தது நம் தீவு. 1942 ஏப்பிரில் 5, உயிர்த்த ஞாயிற்றுக்கிழமை. ஐந்து விமானந்தாங்கிக் கப்பல்களிலிருந்து எழுந்த நூற்றுக்கு மேற்பட்ட விமானங்கள் காலையிலே கொழும்பின்மேல் தோன்றின. புச்சிடா தேடி வந்த பிரித்தானியக் கடற்படை அங்கே இல்லை. அதன் பெரும்பகுதி மாலைதீவின் அட்டுத் தீவில் ஒதுங்கியிருந்தது. துறைமுகத்தில் எஞ்சியிருந்த ஹெக்டர், டெனிடோஸ் என்னுங் கப்பல்கள் அழிந்தன. அன்றே தென்மேற்குக் கடலில் கோர்ன்வால், டோர்செட்ஷயர் என்னும் இரு போர்க்கப்பல்களும் மூழ்க, 424 பேர் மாண்டனர். நான்கு நாட்களின்பின் திருக்கோணமலையும் தாக்கப்பட்டது. மட்டக்களப்புக்கு அப்பால் ஹேர்மீஸ் கப்பல் 307 உயிர்களுடன் ஆழ்ந்தது.

புச்சிடாவின் வரலாற்றை எழுதுவோர் இவ்விடத்தில் இலங்கையை விட்டு மிட்வே தீவுக்குப் போய்விடுவர். நாம் சற்று நிற்கின்றோம்.

நம் பாட்டியாருக்கு அப்போது பத்து வயது. அவருடைய தந்தையார் தலைமன்னாரிற் புகையிரதப் பகுதியில் வேலை பார்த்தவர். கொழும்பிலிருந்து வந்த வண்டிகளில் இந்தியத் தொழிலாளரும் சிறு வணிகரும் மூட்டை முடிச்சுகளோடு நெருங்கியிருந்தனராம். தனுஷ்கோடிக்கு 22 மைல். இர்வின், கோஷன் என்னும் இரு கப்பல்களே அந்நாளில் அத்துறையில் ஓடின. இடங் கிடையாதோர் மணலிலே காத்துக் கிடந்தனர். பாட்டியார் தம் தாயாருடன் குடத்தில் தண்ணீர் கொண்டுபோய் வார்த்திருக்கிறார். ஒரு பெண் தண்ணீரைக் குடிக்காமல், விமானம் இரைகிறதா என்று வானத்தையே பார்த்துக்கொண்டிருந்தாளாம். இதைச் சொல்லும்போதெல்லாம் பாட்டியாரும் அண்ணாந்து பார்ப்பார்.

மிட்வேப் போரின்போது புச்சிடா குடல்வால் அறுவைச் சிகிச்சை பெற்று அகாகி கப்பலிற் படுத்திருந்தார். கப்பல் தீப்பற்றியபோது தப்ப முயன்று கணுக்கால்கள் முறிந்தன. போரின்பின் யப்பானியரிடம் சிறைப்பட்டிருந்த டிஷேசர் என்னும் அமெரிக்கக் குண்டுவீச்சாளரின் சிறு பிரசுரத்தைப் படித்து மனம் மாறி, கிறித்தவ போதகரானார். பகைவன் எழுதியதைப் படிக்க ஒரு போர்வீரருக்கு மனம் வந்ததே, அது பெரிது. 1976-இற் காலமானார்.

1951-இல் ஒக்குமியா என்பவருடன் சேர்ந்து மிட்வே பற்றி அவர் எழுதிய நூல் உலகெங்கும் பரவியது. இன்னும் ஐந்து நிமிடம் கிடைத்திருந்தால் யப்பானிய விமானங்கள் எழுந்திருக்கும் என்பது அதன் புகழ்பெற்ற கூற்று. விமானந்தாங்கிகளின் பறப்புப் பதிவேடுகளை ஆராய்ந்து பார்ஷல், டுல்லி என்னும் அமெரிக்கர் இருவர் 2005-இல் அதனை மறுத்தனர். மேலைநாடுகளில் அவ்வளவு காலம் பெரும்பாலும் அவர் சொன்னதே வரலாறாக இருந்தது.

புச்சிடாவின் சொல்லைச் சரிபார்க்கப் பதிவேடு இருந்தது. மணலிலே காத்திருந்தோர் நூல் எழுதவில்லை, பதக்கமும் பெறவில்லை. அவர்கள் போய் இறங்கிய தனுஷ்கோடியை 1964 டிசெம்பர்ப் புயல் அழித்தது. பாட்டியாரும் இன்றில்லை.

நம் மாணாக்கன் குறிப்பேட்டை மூடிவிட்டு நெடுநேரம் பேசாதிருந்தான். தன் ஊரில் தொண்ணூறு வயது கடந்த பெரியவர் ஒருவர் இருப்பதாகப் பின்னர் சொன்னான். வருகிற சனிக்கிழமை அவரைப் பார்க்க நாமும் உடன் செல்வதாயிருக்கின்றோம்.