மனிதக் காட்சிச் சாலையா?

அந்தமானுக்கு உல்லாச யாத்திரை போகும் கனவான்கள் சிலர், வழியில் தென்படும் ஜாரவா மக்களைப் படம் பிடித்து ஊருக்கெல்லாம் காட்டிப் பெருமை கொள்ளுகின்றார்கள். கேட்டால், "அவர்கள் ஆட்சேபிக்கவில்லையே" என்கின்றார்கள். படம் எங்கே போகும், யார் யார் பார்ப்பார்கள் என்பதையே அறியாதவர்களின் மௌனம் எப்படிச் சம்மதமாகும் என்று கேட்கின்றோம்.

இம்மக்களின் பாதுகாப்புக்கென 1956லேயே சட்டம் ஏற்பட்டுவிட்டது. அப்படியிருந்தும், ஜாரவாப் பெண்களைத் தின்பண்டத்திற்காக ஆடச் செய்து எடுத்த படம் 2012ல் வெளியாகி உலகமே காறித் துப்பிற்று. அவ்வருஷமே சட்டம் கடுமையாக்கப்பட்டது. இன்று அவர்களைப் படம் எடுப்பது சிறைத் தண்டனைக்குரிய குற்றமாகும்.

"துணியில்லாதவர்களுக்கு மானம் ஏது?" என்பாரும் உண்டு. தம் வீட்டுப் பெண்கள் குளிப்பதை ஒரு வழிப்போக்கன் படமெடுத்து வெளியிட்டால், இந்தக் கனவான்கள் போலீசுக்கு ஓடமாட்டார்களா? தனக்கொரு நியாயம், காட்டிலிருப்பவனுக்கு வேறொரு நியாயமா?

தோழர்களே! அங்கு போனால் காமிராவைப் பெட்டியில் வையுங்கள். பிறர் எடுத்த படம் கைக்கு வந்தாலும் பரப்பாதீர்கள். சட்டத்திற்குப் பயந்தல்ல, மனிதத் தன்மைக்காகவே இதைச் சொல்லுகின்றோம்.