ஐந்து சதவீதச் சலுகை யாருக்கு?

சென்னையை அடுத்த மகேந்திரா வேர்ல்டு சிட்டி ஆலையில் தயாராகும் பி.எம்.டபிள்யூ ஐ.எக்ஸ்.1 மின்கார், 2025 ஜனவரியில் 49 லட்சம் ரூபாய் ஷோரூம் விலையில் அறிமுகமானது. டாடா டியாகோவின் மின்சார மாடல் எட்டு லட்சத்தில் தொடங்குகிறது. விலையில் ஆறு மடங்கு வித்தியாசம் இருந்தும் இரண்டுக்கும் ஜி.எஸ்.டி. ஒன்றுதான்: 5 சதவீதம். இந்தச் சலுகை யாருக்குப் போய்ச் சேர வேண்டும்? இரண்டு ரகக் கார்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் விடை தெரிந்துவிடும்.

டியாகோவின் பெரிய பேட்டரி நிரம்ப 24 யூனிட் மின்சாரம் போதும். நடைமுறையில் ஏறத்தாழ 200 கிலோமீட்டர் ஓடும். தினமும் நாற்பது கிலோமீட்டர் அலுவலகம் போய் வருகிறவர் நான்கைந்து நாளுக்கு ஒருமுறை சார்ஜ் போட்டால் போதும். அதற்குத் தனிக் கருவிகூட வேண்டியதில்லை. ஏ.சி.க்கும் கீசருக்கும் போடுகிற 15 ஆம்பியர் பிளக் பாயின்டில் இரவு செருகினால், விடியும்போது பேட்டரி நிரம்பியிருக்கும். ஊருக்குள்ளேயே ஓடுகிற காருக்கு இதைவிடப் பெரிய பேட்டரி வீண் சுமை.

ஊர்விட்டு ஊர் போகிறவர்களின் கணக்கு வேறு. 2024 நவம்பரில் சென்னையில் அறிமுகமான மகேந்திரா பி.இ.6 காரின் பெரிய பேட்டரி 79 யூனிட். சோதனைச் சான்றிதழ்படி அது 682 கிலோமீட்டர் ஓடும். சாலையில் அதில் கணிசமாகக் குறைந்தாலும், சென்னையிலிருந்து திருச்சிக்கு நடுவில் எங்கும் சார்ஜ் போடாமல் போய்ச்சேரலாம். மாதத்துக்கு நான்கைந்து முறை நெடுஞ்சாலையில் ஓடுகிறவர் கூடுதலாகக் கொடுக்கும் பணத்துக்கு இது நியாயமான பலன்.

ஆனால், விலை கூடினால் சார்ஜ் ஏறும் வேகமும் கூடும் என்பது பாதி உண்மைதான். பி.இ.6 பேட்டரி இருபது சதவீதத்திலிருந்து எண்பதுக்கு 20 நிமிடத்தில் ஏறும் என்கிறது நிறுவனம். அதற்கு 175 கிலோவாட் சார்ஜர் வேண்டும். நெடுஞ்சாலை ஓரங்களில் பரவலாக இருப்பவை 30, 60 கிலோவாட் சார்ஜர்கள். 60 கிலோவாட் சார்ஜரில் அதே அளவு ஏற முக்கால் மணி நேரத்துக்கு மேல் ஆகும். டியாகோவுக்குப் பத்திலிருந்து எண்பது ஏற ஒரு மணி நேரம். பி.இ.6-க்கு இருபது லட்சத்துக்கு மேல் கொடுத்தவரும் டியாகோவுக்கு எட்டு லட்சம் கொடுத்தவரும் அதே டீக்கடையில், ஏறக்குறைய அதே நேரம் காத்திருக்க வேண்டியதுதான்.

பேட்டரியின் அடிப்படையும் வெகுதூரம் விலகிவிடவில்லை. டியாகோ, பி.இ.6 இரண்டிலும் இருப்பது லித்தியம் இரும்பு பாஸ்பேட் ரகம். வெப்பம் தாங்குவதில் பெயர் பெற்றது, நம்மூர் வெயிலுக்கு ஏற்றது. பாதுகாப்பும் பணக்காரர்களுக்கு மட்டும் உரியதாக இல்லை. 2024 ஜனவரியில் 11 லட்சம் ரூபாயில் வந்த டாடா பஞ்ச் மின்கார், பாரத் என்.சி.ஏ.பி. மோதல் சோதனையில் ஐந்து நட்சத்திரம் வாங்கியது. மேல்ரகக் காரில் கூடுதல் விலைக்குக் கிடைப்பவை பெரிய பேட்டரி, இழுவை, சொகுசு, ஓட்டுநருக்கு உதவும் கேமரா, ரேடார் வசதிகள்.

பட்ஜெட் மின்காருக்கு உண்மையான போட்டி அதன் பெட்ரோல் அண்ணன்தான். பெட்ரோல் டியாகோவுக்கும் மின்சார டியாகோவுக்கும் ஆரம்ப விலையில் மூன்று லட்சத்துக்கு மேல் இடைவெளி. பெட்ரோல் லிட்டர் நூறு ரூபாய், மைலேஜ் பதினாறு என்று கொண்டால் கிலோமீட்டருக்கு ஆறு ரூபாய்க்கு மேல் செலவு. மின்சாரம் யூனிட் பத்து ரூபாய் என்று வைத்தாலும் ஒன்றேகால் ரூபாய்தான். ஆக, மிச்சம் ஐந்து ரூபாய். மூன்று லட்சத்தை மீட்க 60,000 கிலோமீட்டர் ஓட்ட வேண்டும். மாதம் ஆயிரம் கிலோமீட்டர் ஓட்டும் குடும்பத்துக்கு ஐந்து ஆண்டு ஆகும். நடுத்தர வர்க்கம் தயங்கி நிற்பது இந்த இடத்தில்தான்.

அந்தத் தயக்கத்தை 2025 செப்டம்பர் 22-இல் அமலான வரி மாற்றம் கூட்டிவிட்டது. சிறிய பெட்ரோல் கார்களுக்குச் செஸ் சேர்த்து 29 சதவீதமாக இருந்த வரி 18 ஆனது. பெட்ரோல் கார் வாங்குகிறவருக்கு அது நல்ல செய்தி. ஆனால் சிறிய மின்காருக்கு இருந்த 24 புள்ளிச் சாதகம் 13 ஆகச் சுருங்கிவிட்டது. பெரிய பெட்ரோல், டீசல் கார்களுக்கு வரி 40 சதவீதம். அதனால் சொகுசு மின்காரின் சாதகம் இன்றும் 35 புள்ளி. ரூபாயில் சொன்னால், டியாகோ மின்கார் வாங்குகிறவருக்குக் கிடைக்கும் வரிச் சலுகை ஏறத்தாழ ஒரு லட்சம். ஐ.எக்ஸ்.1 வாங்குகிறவருக்குப் பதினாறு லட்சம்.

மத்திய அரசின் 10,900 கோடி ரூபாய் பி.எம். இ-டிரைவ் திட்டம் இருசக்கர வாகனம், ஆட்டோ, பேருந்து, லாரி, ஆம்புலன்ஸ் ஆகியவற்றுக்காக வகுக்கப்பட்டது. சொந்தக் கார் வாங்கும் குடும்பத்துக்கு அதில் இடமில்லை. பொதுப் போக்குவரத்துக்கு முன்னுரிமை தருவது சரியே. அப்படியிருக்க, 49 லட்சம் ரூபாய் காருக்கு மட்டும் கருவூலம் இவ்வளவு தாராளம் காட்டுவதற்கு நியாயம் என்ன? சொகுசு மின்கார்கள் தொழில்நுட்பத்தையும் வேலையையும் கொண்டுவருகின்றன என்பார்கள். உண்மைதான். அதற்காக இத்தனை பெரிய சலுகை தேவையில்லை.

நாற்பது லட்சத்துக்கு மேற்பட்ட மின்கார்களுக்கு வரியை 18 சதவீதமாக்கலாம். அப்போதும் பெட்ரோல் சொகுசுக் காரைவிட 22 புள்ளி குறைவாகவே இருக்கும். ஐ.எக்ஸ்.1 போன்ற ஒரு காரிலிருந்து கிடைக்கும் கூடுதல் வரி ஆறு லட்சம். பன்னிரண்டு லட்சத்துக்கு உட்பட்ட மின்கார் வாங்கும் ஆறு குடும்பங்களுக்குத் தலா ஒரு லட்சம் கொடுக்க அது போதும். கூடவே, அடுக்குமாடிகளில் ஒவ்வொரு பார்க்கிங் இடத்துக்கும் ஒரு 15 ஆம்பியர் பாயின்ட் கட்டாயம் என்று கட்டட விதிகளில் எழுத வேண்டும். சிறிய பேட்டரிக்காரருக்குப் பெரிய சார்ஜர் தேவையில்லை, அந்த ஒரு பாயின்ட் போதும்.