விருந்தினர் அறைக்குத் திரைச்சீலை

திருவரங்கத்தில் அம்மா மண்டபச் சாலைக்கு அருகே, ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தின் முதல் தளத்தில் நம் வாசகக் குடும்பம் ஒன்றுக்கு ஒரு குடியிருப்பு உண்டு. குடும்பத் தலைவர் பொன்மலை இரயில்வே பணிமனையில் உழைத்து ஓய்வு பெற்றவர். ஓய்வின்போது கிடைத்த தொகையோடு வங்கிக் கடனும் சேர்த்து வாங்கிய அவ்வீட்டைக் கோயிலுக்கு வருவோருக்கும் விடுமுறைக்கு வருவோருக்கும் நாள் வாடகைக்கு விடுகின்றனர். அந்த வாடகையைக் கொண்டே மாதத் தவணை அடைபடுகிறது. “திரைச்சீலை வாங்க ஒரு யோசனை சொல்லுங்கள்” என்று அவ்வீட்டு அம்மையார் நமக்கு எழுதியிருந்தார். நிறத்தைப் பற்றிய சிறு ஐயம் என எண்ணியே நாம் புறப்பட்டோம். போன பிறகே செய்தி விளங்கிற்று.

முன்பே திரை இருந்தது. பார்வைக்கு இனிய மெல்லிய வெள்ளை வலைத்துணி. சன்னலுக்கு அளவாய்த் தைத்தது. திருமணமாகிச் சில வாரங்களே ஆன மகளோடு மூன்று நாள் தங்கவென வந்த குடும்பமொன்று, மறுநாள் காலையிலேயே பெட்டியைக் கட்டிக்கொண்டு புறப்பட்டுவிட்டது. தாயார் மட்டும் தணிந்த குரலில், “எதிர் மாடியிலிருந்து பார்த்தால் உள்ளே நடமாடுவதெல்லாம் தெரிகிறதம்மா” என்றாராம். அன்றிரவு எட்டு மணிக்கு நாமும் தெருவில் நின்று பார்த்தோம். உள்ளே விளக்கெரிய, அம்மையாரின் உருவம் நிழற்படம் போல் சன்னலில் தெரிந்தது. அவருக்கு முகம் வாடிவிட்டது.

இதில் மாயமொன்றுமில்லை. எப்பக்கம் வெளிச்சம் மிகுதியோ அப்பக்கத்தில் உள்ளதே மெல்லிய துணியின் வழியே புலப்படும். பகலில் வெளியே ஒளி மிகுதி. ஆகவே உள்ளிருப்பது தெரியாது. விளக்கேற்றியதும் நிலைமை தலைகீழாகிறது. நாமோ கடைக்குப் பகலில் சென்று, பகல் வெளிச்சத்தில் துணியைப் பிடித்துப் பார்த்து வாங்குகிறோம்! வீட்டில் இரவில் ஒரு துண்டைக் கட்டி, ஒருவரை உள்ளே நிறுத்தி, வெளியே போய்ப் பார்த்த பிறகே மொத்தத் துணியும் எடுக்க வேண்டும்.

விருந்தினர் அறையென்றதும் சூனேம் நகரத்துப் பெண்மணி நம் நினைவுக்கு வருகிறார். இறைவாக்கினர் எலிசாவுக்காக மேல்மாடியில் சிற்றறை ஒன்று அமைத்துக் கட்டில், மேசை, நாற்காலி, விளக்கு ஆகியவற்றை வைத்ததாக அரசர்கள் இரண்டாம் நூலின் நான்காம் அதிகாரம் கூறுகிறது. அப்பட்டியலில் திரை இல்லை. ஆனால் எலிசா அழைத்தபோது அப்பெண்மணி வாயிலில் வந்து நின்றார் என்றும் அவ்வதிகாரத்திலேயே படிக்கிறோம். தம் வீட்டு அறையேயாயினும், விருந்தினருக்குக் கொடுத்த பின் அது விருந்தினருடையது என்பதை அவர் அறிந்திருந்தார் போலும்.

துணிக்கு நாம் தொலைவு போக வேண்டியதில்லை. உறையூர்ப் பருத்தி பழம்புகழ் வாய்ந்தது; கிரேக்க மாலுமியொருவர் எழுதிய பழைய கடற்பயண நூலில் ‘அர்காரு’ என வரும் ஊர் உறையூரே என ஆய்வாளர் கொள்கின்றனர். அங்கிருந்து சென்ற மெல்லிய துணியை அந்நூல் குறிப்பிடுகிறது. ஆனால் மென்மை சேலைக்கு அழகு, இரவுத் திரைக்கு ஆகாது. திருச்சியிலிருந்து ஏறத்தாழ 80 கிலோமீட்டர் மேற்கே உள்ள கரூரில் திரைச்சீலையும் மேசை விரிப்பும் வெளிநாடுகளுக்கென்றே நெய்யப்படுகின்றன. 1935-இல் தொடங்கிய கோ-ஆப்டெக்ஸ் கடைகளிலும் கைத்தறியில் கெட்டி நெசவு கேட்டுப் பார்க்கலாம்.

அளவில்தான் பலர் ஏமாறுகின்றனர். நான்கடி அகலமும் நான்கடி உயரமும் உள்ள சன்னல் என்று வைத்துக்கொள்வோம். பக்கவாட்டில் ஒளி கசியாதிருக்கக் கம்பி இருபுறமும் ஆறு அங்குலம் நீள வேண்டும். ஆகக் கம்பி ஐந்தடி. கெட்டித் துணிக்கு அதன் ஒன்றரை மடங்கு, அதாவது ஏழரை அடி அகலம் தேவை. 48 அங்குலத் துணியில் இரண்டு பாகம் போதும். மேலும் கீழும் ஆறு அங்குலம் இறக்கி, மடிப்புக்குப் பத்து அங்குலம் விட்டால் ஒரு பாகத்தின் நீளம் ஏறக்குறைய ஆறடி. ஆகச் சன்னலுக்கு நான்கு கெஜம், மீட்டர் கணக்கில் மூன்றே முக்கால் எனலாம். பருத்தியைத் தண்ணீரில் ஊறவைத்து உலர்த்திய பிறகே தையற்காரரிடம் கொடுக்க வேண்டும். இல்லையேல் முதல் சலவையிலேயே திரை சன்னலுக்கு மேலேறிவிடும்!

நாள் வாடகை வீட்டுக்கு மாற்றுத் திரை ஒரு தொகுதி கட்டாயம் வேண்டும். ஒரு குடும்பம் காலையில் போக, மற்றொன்று பிற்பகலில் வந்து நிற்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் கெட்டிப் பருத்தி ஒரே நாளில் காய்வதில்லை. ஈரத்தோடு மாட்டினால் பூஞ்சை பூக்கும். பாலியெஸ்டர் விரைவில் காயுமே என்று அம்மையார் கேட்டார். உண்மைதான், கலப்புத் துணியானால் குற்றமில்லை என்றோம்.

நிறம்? வெள்ளை மட்டும் வேண்டாம். தரிசனம் முடித்து வருவோரின் கையில் மஞ்சளும் குங்குமமும் இருக்கும். மஞ்சள் கறை சோப்புப் பட்டவுடன் சிவந்து நம்மை அச்சுறுத்தும். நன்கு அலசி வெயிலில் போட்டால் பெரும்பாலும் வெளிறிவிடும். அடர்நிறத் துணியாயின், நனைத்த வெள்ளைக் கைக்குட்டையால் தேய்த்துச் சாயம் போகிறதா எனக் கடையிலேயே பார்த்துவிடலாம். மாதா படம் அச்சிட்ட துணி ஒன்றை அம்மையாரின் மகன் விரும்பினாராம். தாயார் சம்மதிக்கவில்லை. தங்குவோரில் பெரும்பாலோர் அரங்கனை வழிபட வந்த வைணவ அன்பர்கள். அதுவன்றி, எண்ணெய்க் கை துடைக்கப்படும் துணியில் அன்னையின் திருவுருவம் எதற்கு என்றார். நமக்கும் அதுவே சரியெனப்பட்டது.

இருட்டும் முக்கியம். வைகுண்ட ஏகாதசியன்று விடியுமுன்னரே பரமபத வாசல் திறக்கப்படுகிறது; இரவெல்லாம் விழித்திருந்தோர் பகலில் வந்து உறங்குவர். ஆகஸ்டு இறுதியில் வேளாங்கண்ணித் திருவிழாவுக்குச் செல்லும் வழியில் தங்குவோரும் அவ்வாறே. சித்திரை வெயில் வேறு. 40 பாகை செல்சியசைத் தாண்டும் நாட்களில் மேற்குச் சன்னலுக்கு உள்திரை மட்டும் போதாது. கண்ணாடியைக் கடந்துவிட்ட வெப்பம் அறைக்குள்ளேயே தங்கிவிடும். வெளிப்புறத்தில் ஒரு மூங்கில் தட்டி கட்டினால் வெயில் அங்கேயே நின்றுவிடும். அடுப்படிச் சன்னலுக்குத் திரையே வேண்டாம். இழுகயிறு தொங்கும் திரைகளும், குழந்தைகள் தங்கும் வீட்டில், கழுத்தில் சுற்றும் அபாயமுடையவை.

அம்மையார் இரட்டைக் கம்பி போட்டார். பழைய வெள்ளை வலைத்துணி வீணாகவில்லை. பகலுக்கு அது, இரவுக்கு ஆலிவ் பச்சையில் கெட்டிக் கைத்தறி. சென்ற வாரம் மீண்டும் இரவு எட்டு மணிக்குத் தெருவில் நின்று பார்த்தோம். படுக்கையறைச் சன்னலில் ஓரமாய் ஒரு கோடு வெளிச்சம் மட்டும் தெரிந்தது. குளியலறைக்கு எதிரேயுள்ள நடைச் சன்னலை அனைவருமே மறந்திருந்தோம். மேலும் நான்கு கெஜம் வாங்கி, மறுநாளே துணியை ஊறவைத்துவிட்டார்.