பதினேழு வயதில் ஈரானை வெல்கிறோம், பிறகு என்ன ஆகிறோம்?

ஆசிரியர் அவர்களுக்கு,

உலகக் கோப்பைக் கால்பந்து நெருங்கினாலே நம் பத்திரிகைகளும் தொலைக்காட்சிகளும் ரசிகர்களிடம் கேட்பது ஒன்றுதான்: நீங்கள் பிரேசில் பக்கமா, அர்ஜென்டினா பக்கமா? 2022-இல் கோழிக்கோடு அருகே புல்லாவூர் ஆற்றில் மெஸ்ஸிக்கும் நெய்மருக்கும் ரொனால்டோவுக்கும் ரசிகர்கள் நிறுத்திய கட்டவுட்டுகளை நாடே பேசியது. அந்த அன்பில் நான் குறை காணவில்லை. நல்ல ஆட்டத்தை யார் ஆடினாலும் ரசிக்கத்தான் வேண்டும். ஆனால் சொந்த அணி இல்லாத போட்டியை விடிய விடியக் கண்விழித்துப் பார்ப்பதுதான் இந்திய ரசிகரின் தலையெழுத்து என்பதுபோல எழுதுவதை என்னால் ஏற்க முடியவில்லை. செய்ய வேண்டிய வேலையைச் சிலர் செய்யத் தவறியதால் வந்த நிலை இது. அவர்களிடம் கேள்வி கேட்க வேண்டிய ஊடகங்கள் வாய்மூடி இருப்பதைக் கண்டித்தே இந்தக் கடிதம்.

2026 உலகக் கோப்பையில் 48 அணிகள். ஆசியாவுக்கு நான்கரை இடம் என்றிருந்தது எட்டு நேரடி இடங்களாக உயர்ந்தது. அப்படியிருந்தும் தகுதிச்சுற்றின் இரண்டாம் கட்டத்திலேயே வெளியேறினோம். 2024 ஜூனில் தோஹாவில் கத்தாருக்குக் கிடைத்த கோலை இன்றும் பலர் காரணமாகச் சொல்கிறார்கள். பந்து எல்லைக்கோட்டைத் தாண்டியது அப்பட்டமாகத் தெரிந்தது. கோல்கீப்பர் குர்பிரீத் சிங் தரையில் கிடக்க, வெளியே போன பந்தை உள்ளே இழுத்து வலைக்குள் தள்ளினார்கள். நடுவர் கோல் என்றார். அநியாயம்தான். ஆனால் அதற்கு மூன்று மாதம் முன்பு குவாஹாட்டியில், சுனில் சேத்ரியின் 150-ஆவது ஆட்டத்தில், தன் சொந்த மண்ணில் ஆட வழியில்லாத ஆப்கானிஸ்தானிடம் முதலில் கோல் போட்டும் 2-1 எனத் தோற்றோம். அதற்கு நடுவரைக் குறைசொல்ல முடியாது. 2025 நவம்பர் 18 அன்று டாக்காவில் வங்கதேசத்திடம் தோற்றோம். 22 ஆண்டுகளில் அவர்களிடம் கண்ட முதல் தோல்வி அது. 2027 ஆசியக் கோப்பை வாய்ப்போ அதற்கு முந்தைய மாதமே கோவாவில் சிங்கப்பூரிடம் தோற்றபோது பறிபோய்விட்டது. டாக்காவில் நாம் தோற்ற அதே தேதியில் கிங்ஸ்டனில் ஜமைக்காவுடன் சமன் செய்து, ஏறத்தாழ ஒன்றரை லட்சம் மக்கள் வாழும் குராசோ தீவு உலகக் கோப்பைக்குள் நுழைந்தது.

இப்படித் தோற்கும்போதெல்லாம் மூன்று சமாதானங்கள் வருகின்றன: கிரிக்கெட் எல்லாவற்றையும் விழுங்கிவிட்டது, நம் உடல்வாகு கால்பந்துக்கு ஏற்றதல்ல, நமக்குத் திறமை போதாது. 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில் நான்காம் இடம் பிடித்தவர்களும், 1962-இல் ஜகார்த்தாவில் தென் கொரியாவை வென்று ஆசிய விளையாட்டுத் தங்கம் வாங்கியவர்களும் இதே உடல்வாகுக்காரர்கள்தான். அது பழங்கதை என்றால், புதுக்கதை ஒன்றைப் பாருங்கள். டாக்கா தோல்விக்குப் பன்னிரண்டு நாள் கழித்து அகமதாபாத்தில் நம் 17 வயதுக்குட்பட்டோர் அணி ஈரானை 2-1 என வென்று ஆசியக் கோப்பைக்குத் தகுதி பெற்றது. சீனியர் ஈரான் அணி தொடர்ந்து உலகக் கோப்பை ஆடும் அணி. 2018-இல் நம் 16 வயதுக்குட்பட்டோர் அணி தென் கொரியாவிடம் ஒரே ஒரு கோலில் தோற்றிராவிட்டால் ஜூனியர் உலகக் கோப்பைக்கே போயிருக்கும். பதினாறு, பதினேழு வயதில் ஈரானுக்கும் கொரியாவுக்கும் ஈடுகொடுக்கிறவர்கள் இருபத்து மூன்று வயதில் சிங்கப்பூரிடம் தோற்கிறார்கள் என்றால், இடைப்பட்ட ஆறு ஆண்டுகளில் அவர்களை என்ன செய்தோம்?

இதற்குப் பதில் தேட உஸ்பெகிஸ்தானைப் பார்க்கலாம். நான்கு கோடிக்கும் குறைவான மக்கள். 1991-க்குப் பிறகே தனி நாடு. 2013-இல் உலகக் கோப்பைத் தகுதிச்சுற்றில் ஜோர்டானிடம் பிளே-ஆஃப் ஆட்டத்தில் பெனால்டியில் தோற்று வெளியேறியவர்கள். அவர்கள் 2012-இல் 16 வயதுக்குட்பட்டோர், 2018-இல் 23 வயதுக்குட்பட்டோர், 2023-இல் 20 வயதுக்குட்பட்டோர், 2025-இல் 17 வயதுக்குட்பட்டோர் என்று ஆசியக் கோப்பைகளை வரிசையாக வென்றார்கள். கோப்பையோடு பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்பிவிடவும் இல்லை. இளம் வீரர்களைக் கொண்டே தாஷ்கண்டில் ‘ஒலிம்பிக்’ என்ற அணியை உருவாக்கி, பெரியவர்களின் லீகில் மோதவிட்டார்கள். 2024-இல் முதன்முறையாக ஒலிம்பிக் கால்பந்து, 2026-இல் முதல் உலகக் கோப்பை. அதே யோசனை நமக்கும் இருந்தது என்பதுதான் மனதை வருத்துகிறது. 2017-இல் 17 வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பையை நாம் நடத்தினோம். டெல்லியில் கொலம்பியாவுக்கு எதிராக ஜீக்சன் சிங் தலையால் முட்டிய பந்துதான் பிஃபா உலகக் கோப்பை ஒன்றில் இந்தியாவின் முதல் கோல். ஆட்டங்களைக் காண மைதானங்களுக்கு வந்தவர்கள் 13 லட்சத்துக்கும் மேல். கிரிக்கெட் விழுங்கிய நாட்டில்தான் இந்தக் கூட்டம் வந்தது. அந்தப் பையன்களை ‘இந்தியன் ஆரோஸ்’ அணியாக ஐ-லீகில் ஆடவைத்தது அகில இந்திய கால்பந்து சம்மேளனம். 2022-இல் அதே சம்மேளனம் அந்த அணியைக் கலைத்துவிட்டது.

விளைவைச் சீனியர் அணியில் பார்க்கலாம். ஓய்வு பெற்ற சேத்ரியை 2025 மார்ச்சில், 40 வயதில், திரும்ப அழைக்க வேண்டியிருந்தது. அழைத்ததில் தவறில்லை, அந்த இந்தியன் சூப்பர் லீக் (ஐ.எஸ்.எல்.) பருவத்தில் அதிக கோல் போட்ட இந்தியர் அவர்தான், 14 கோல்கள். கிளப்புகள் கோல் போடும் பொறுப்பை வெளிநாட்டு வீரர்களிடம் ஒப்படைக்கும்போது, இருபது வயது இந்திய ஃபார்வர்டு பெஞ்சில் உட்கார்ந்தே வளர்கிறார். அந்த லீகும் 2025-இல் வழக்கமான மாதத்தில் தொடங்கவில்லை. டாக்காவில் ஆடிய நம் வீரர்கள் அந்தப் பருவத்தில் ஒரு லீக் ஆட்டம்கூட ஆடியிருக்கவில்லை. கடைசியில் வீரர்களே பிஃபா தலையிட வேண்டும் என்று பகிரங்கமாக முறையிட்டார்கள். சம்மேளன விதிகள் பற்றிய உச்ச நீதிமன்ற வழக்கு நிலுவையில் இருந்ததால் லீகுக்கான புதிய வணிக ஒப்பந்தம் பேச முடியவில்லை என்று சம்மேளனத்துக்காகப் பரிந்து பேசுகிறவர்கள் சொல்லலாம். வழக்கு இருந்தது உண்மை. ஆனால் 2010-இல் போட்ட 15 ஆண்டு ஒப்பந்தம் 2025 டிசம்பரில் முடியும் என்பது கையெழுத்திட்ட நாளிலேயே தெரியும். வழக்கோ 2017-லிருந்து நடப்பது. விதிகளை ஒழுங்குபடுத்த அத்தனை காலம் இருந்தது. அந்த இழுபறியால்தான் 2022 ஆகஸ்டில் பிஃபா நம்மைத் தடை செய்தது; ஆசிய கிளப் போட்டிக்காகத் தாஷ்கண்ட் வரை போன கோகுலம் கேரளா பெண்கள் அணி ஆடாமலே திரும்பியது.

குராசோ வீரர்களில் பெரும்பாலோர் நெதர்லாந்தில் பிறந்து வளர்ந்தவர்கள், நமக்கு அந்த வசதி இல்லையே என்று இன்னொரு வாதம் உண்டு. நியாயமான வாதம். இரட்டைக் குடியுரிமை இல்லாததால் வெளிநாட்டுக் குடியுரிமையைக் கைவிடாத இந்திய வம்சாவளியினரை நாம் சேர்க்க முடிவதில்லை. அந்த விதியைப் பற்றி விவாதிக்கலாம், ஆனால் உஸ்பெகிஸ்தான் தன் பிள்ளைகளை உள்ளூரிலேயே வளர்த்து ஜெயித்தது. பணம் இல்லை என்பதும் முழுப் பதில் ஆகாது. ஆண்கள் கால்பந்தோடு ஒப்பிட்டால் சொற்பப் பணத்தில் நடக்கும் நம் பெண்கள் அணி, 2025 ஜூலையில் சியாங் மாயில் தாய்லாந்தை அதன் மண்ணிலேயே 2-1 என வீழ்த்தி, தகுதிச்சுற்று ஆடி ஆசியக் கோப்பைக்குள் நுழைந்தது. இரண்டு கோலும் சங்கீதா பாஸ்ஃபோர் போட்டது.

2047-க்குள் ஆசியாவின் முதல் நான்கு அணிகளில் ஒன்றாவோம் என்று சம்மேளனம் அறிக்கை வெளியிட்டிருக்கிறது. அவ்வளவு தூரம் வேண்டாம். அடுத்த நான்கு பருவங்களுக்கு லீக் எந்தத் தேதியில் தொடங்கும், யார் செலவில் நடக்கும் என்பதை இப்போதே எழுத்தில் தரட்டும். கலைத்த ஆரோஸ் அணியை மீட்கட்டும், அல்லது ஒவ்வொரு ஐ.எஸ்.எல். கிளப்பும் 21 வயதுக்குட்பட்ட இந்தியர் ஒருவரையாவது களத்தில் இறக்க வேண்டும் என்று விதி செய்யட்டும். தாங்களும் உலகக் கோப்பைப் பக்கங்களில் ஒரு பத்தியையாவது இதற்கு ஒதுக்கி, சம்மேளனத்திடம் நேரடியாகக் கேட்க வேண்டும்: அகமதாபாத்தில் ஈரானை வென்ற அந்தப் பையன்கள் அடுத்த ஆண்டு எந்த லீகில், எத்தனை ஆட்டம் ஆடப்போகிறார்கள்?

இப்படிக்கு,
கால்பந்து ரசிகர் ஒருவர்,
சென்னை