இயல் என்றெழுத இயலாதா?

தமிழ்நூலைத் தமிழனே எழுதுகின்றான், தமிழனே அச்சுக்கோக்கின்றான். ஆயினும் ஒவ்வோர் இயலும் தொடங்கும் பக்கத்தின் தலையில் ‘சாப்டர்’ என்னும் ஆங்கிலச் சொல் கொட்டை எழுத்தில் ஏறி அமர்ந்துகொள்கின்றது. கேட்டால், ‘கணிப்பொறி அவ்வாறுதான் போடுகின்றது’ என்கின்றான். இது சோம்பலின் விடையேயன்றி உண்மையின் விடையன்று.

அமெரிக்கக் கணிப்பொறியறிஞர் தொனால்டு கனூத்து, தம் நூலின் மறுபதிப்புக்கு வந்த அச்சுமெய்ப்பின் எழுத்து அழகு குன்றியிருக்கக் கண்டு பொறாராய், 1977-இல் தாமே ஓர் அச்சுக்கோப்பு முறையைப் படைக்க முனைந்தார். அதுவே ‘தெக்’. அதன்மேல் இலெசுலி இலாம்போர்ட்டு 1980-களில் கட்டியெழுப்பியது ‘இலாத்தெக்’. எழுத்தின் வனப்புக் குறைந்ததற்கே ஒருவர் புதிய அச்சுமுறை படைத்தார். இங்கோ ஒரு சொல்லை மாற்றக் கை எழவில்லை!

இலாத்தெக்கின் நூலமைப்பு ஆங்கில நூலுக்கென வகுக்கப்பட்டது. ஆகவே அதில் ஆங்கிலச் சொல் இருப்பதில் வியப்பில்லை, வகுத்தவர்மேல் குற்றமுமில்லை. அச்சொல்லை அவர் ‘சாப்டர்நேம்’ என்னும் ஒரே கட்டளைக்குள் தனியே வைத்துள்ளார். அக்கட்டளைக்கு ‘இயல்’ எனப் புதுப்பொருள் கொடுத்தால் நூல் முழுதும் மாறிவிடும். ஒரு வரி வேலை! ‘அத்தியாயம்’ என்று மாற்றி நிறைவடைவாரும் உளர். ஆங்கிலத்தை இறக்கிவிட்டு வடமொழியை ஏற்றுவது எவ்வகை மீட்சி? தொல்காப்பியம் இருபத்தேழு இயல்களால் ஆயது. அச்சொல் இருக்கப் பிறிதொன்று எதற்கு?

ஆனால் இங்கே ஒரு பொறி உண்டு. தமிழுக்கெனச் சேர்க்கப்படும் மொழித்தொகுப்புகள், நூல் தொடங்கும் நொடியில் தம்மிடமுள்ள சொற்களை மீண்டும் வைத்துவிடும். முகப்பில் ‘இயல்’ என மாற்றியவன், அச்சில் வேறு சொல்லைக் கண்டு திகைப்பான். அம்மாற்றத்தைத் தமிழ்மொழிக்குரிய தலைப்புச்சொற்களின் பட்டியலுக்குள்ளேயே சேர்த்தல் வேண்டும்.

சொல் மாறினால் மட்டும் தலைப்புத் தமிழாகிவிடாது. இயல்பான அமைப்பில், பக்கத்தின் மேல் 50 புள்ளி இடைவெளி விட்டு முதலில் சொல்லும் எண்ணும். பின் 20 புள்ளி. அதன்கீழ் இன்னும் பெரிய தடித்த எழுத்தில் தலைப்பு. பின் 40 புள்ளி. இவ்வளவும் ஆங்கில எழுத்தை எண்ணி அமைத்தவை. தமிழெழுத்துக்குச் சுழியும் வளைவும் மிகுதி. பெரிய அளவே தலைப்பைக் காட்டப் போதும். அதன்மேல் தடிப்பும் ஏற்றினால் சுழிகள் கறுத்துத் திணறும். பக்கத்தின் மேல்வரியில் தலைப்பை ஆங்கிலப் பேரெழுத்தாக மாற்றும் கட்டளையும் தமிழுக்கு வீண். நமக்குப் பேரெழுத்து, சிற்றெழுத்து என்னும் வேற்றுமையே இல்லை. எழுத்துகளை இடைவிட்டு விரித்துப் போடும் ஆங்கில வழக்கம் அதனினும் தீது. ‘கொ’ என்பதன் கொம்பும் காலும் மெய்யை விட்டு விலகி நின்றால் அது எழுத்தாகுமா?

மேலும், அவ்வமைப்பு சொல்லை முன்னும் எண்ணைப் பின்னும் வைப்பது. ‘முதலாம் இயல்’ என வேண்டுவோர்க்குப் பெயர்மாற்றம் போதாது. வரிசையையே மாற்றுதல் வேண்டும். அதற்கு ‘டைட்டில்செக்’ என்னும் துணைத்தொகுப்பு உதவும். சொல், எண், கோடு, இடைவெளி, எழுத்தளவு ஆகிய ஒவ்வொன்றையும் அச்சுக்கோப்பவன் விருப்பப்படி அதில் அமைக்கலாம். எண்ணையும் தமிழிலேயே இடுவோர் ஒன்றை நினைவிற் கொள்க: பொறி பத்தைப் பெரும்பாலும் ‘௧௦’ என இலக்கத்திற்கு இலக்கம் மாற்றியே போடும். பழந்தமிழ் முறையில் பத்துக்கு ‘௰’ என்னும் தனிக்குறியுண்டு. எம்முறை வேண்டும் என்பதை முதலிலேயே முடிவு செய்க.

அத்தொகுப்பில் ‘இயல்’ என்னும் சொல்லை நேரே தட்டி வைப்பது பிழை. பின்னிணைப்பு வரும்போது பொறி தானே சொல்லை மாற்றிக்கொள்ள வேண்டும்; நேரே எழுதியதை அது மாற்றாது. பின்னிணைப்பும் ‘இயல்’ என்றே வந்து நிற்கும். அதன் வரிசைக்கு இயல்பாக வருவன ஏ, பி, சி என்னும் ஆங்கில எழுத்துகள். அவற்றையும் அ, ஆ, இ எனத் தனியே மாற்றினால்தான் நூலின் கடைசிப் பக்கம் வரை தமிழ் நிற்கும்.